கறை அகராதி

எனக்கு வேலை துணி வெளுப்பது.
ஹுலியாக்கா ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
கொதிகலனுக்கு அடுத்த அறை.
மொழிபெயர்ப்பாளர் நாற்காலி பிப்ரவரியிலிருந்து காலி.
அதனால் ஜூலை மாத உறைபனியில்
நள்ளிரவு தாண்டி, சோப்பு நுரைக் கையோடு
என்னை இழுத்துப்போனார்கள்:
"ஃபோர்த்துனாத்தா, கெச்சுவா பேச ஆள் இல்லை, ஓடி வா."

சூட்டு விளக்கின் கீழ் ஒரு பிள்ளை. அழவில்லை.
டாக்டர் லெதெஸ்மா கடற்கரைக்காரர்.
வந்து ஆறு வாரம். மாடிப்படி ஏறினால்
இன்னும் அவருக்கு மூச்சு வாங்கும்.
"மெகோனியம்" என்றார்.

பெயர்தான் புதிது. ஆளை நான் அறிவேன்.
காட்டுப்பீ. கரும்பச்சை.
வெந்நீர் பட்டால் நூலுக்குள் இறங்கிவிடும்;
முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சோப்பு.
பிள்ளை உள்ளேயே பேண்டு
அதை மூச்சோடு இழுத்துக்கொண்டதாம்.
நிக்காசியாவிடம் சொன்னேன்.
"அலசிவிடலாமா?" என்றாள்.
நெஞ்சைத் திருப்பிப் போட்டு அலச முடியாது
என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சயனோசிஸ்."
வெள்ளை விரிப்புக்கு நீலம் போடும்போது
ஒரு சொட்டு கூடிப்போனால் வருமே,
அது, உதட்டில்.

"அப்கார், இரண்டு."
பத்துக்கு இரண்டு, அம்மா.
நிறம், துடிப்பு, முகச்சுளிப்பு, கைகால், மூச்சு.
ஐந்து பாடம்.
பிறந்து ஒரு நிமிடத்தில் பரீட்சையா, என்றாள்.
அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை,
முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டாள்.
ஐந்தாம் நிமிடம் மறுபடி உண்டு என்றேன்.
ஐந்தாம் நிமிடம் நான்கு.

நர்ஸ் எடெல்மிரா ரப்பர் பையைப் பிழிந்தாள்.
பிழி, விடு, விடு. பிழி, விடு, விடு.
இருபத்தொரு வருடம் நானும் பிழிகிறேன்,
இத்தனை மெல்லப் பிழிந்து பார்த்ததில்லை.
பத்தாம் நிமிடத்தில் ஏழு.
பூனைக்குட்டி மிதிபட்டாற்போல ஒரு சத்தம்.

பெட்டியில் சிவப்பு எண்: எண்பத்தாறு.
"போதாது" என்றார் டாக்டர்.
எடெல்மிரா ஒன்றும் பேசவில்லை.
பிள்ளைக்குக் காலில் கட்டும் அந்த விளக்கின்
பெரியவர் கிளிப்பை எடுத்து
அவர் விரலில் மாட்டினாள்.
எண்பத்துமூன்று.
"இது மலை, டாக்டர். இங்கே எல்லாரும்
கொஞ்சம் குறைவாகத்தான் உயிரோடு இருக்கிறோம்."

மூன்று மணிக்குப் பெட்டி கத்தியது.
"ஆப்னியா."
கைக்குள் துணி இல்லாதவளாக நின்றேன்.
எங்கள் மொழியில் சமய் என்றால் மூச்சு.
சமய் என்றால் ஓய்வும்.
பிள்ளை ஓயவில்லை என்று சொல்வதா,
ஓய்ந்துவிட்டது என்று சொல்வதா?
எதைச் சொன்னாலும் பாதி பொய்.

நிக்காசியாவின் கையை எடுத்து
என் மார்பின்மேல் வைத்துக்கொண்டு
மூச்சை நிறுத்தினேன்.
ஒன்று. இரண்டு.
அவள் என் கண்ணைப் பார்த்தாள்.
பன்னிரண்டில் அவளும் நிறுத்தினாள்.
டாக்டர் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினார்,
சுண்டினார்.
பத்தொன்பது.
பிள்ளை இழுத்தது.
நாங்கள் இருவரும் அதற்குப் பிறகுதான் இழுத்தோம்.
இருமலே வந்துவிட்டது எனக்கு.

அதன்பின் அந்தப் பெட்டி கத்தவில்லை,
அல்லது எனக்குக் கேட்கவில்லை.
விடிந்தபோது டாக்டர் இரும்பு நாற்காலியில்
வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார்.
கண்ணாடிப் பெட்டிக்குள் விலா ஏறி இறங்கியது.
"சமஷன்" என்றாள் நிக்காசியா.
யாரை என்று நான் கேட்கவில்லை.

விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு
பின்கட்டுக்கு வந்தேன்.
குழாயில் தண்ணீர் உறைந்திருந்தது.
கெட்டிலை வைத்து உருக்கி, ஆறவிட்டு,
மூன்று முறை அலசிவிட்டேன்.
ஓரத்தில் இன்னும் கொஞ்சம் பச்சை.